மரம் நட்டால் காணாமல் போகும் குருவி!

மூக்கு அடைத்தால் நம் வீட்டில் முதலில் தேடுவது அந்தச் சின்ன பாட்டிலைத்தான். நீலகிரித் தைலம். பாட்டி ஆவி பிடிக்கச் சொல்வார், அம்மா கைக்குட்டையில் இரண்டு சொட்டு விட்டுக் கொடுப்பார். பெயரிலேயே நீலகிரி இருப்பதால் அந்த மரமும் ஊட்டிக்காரர்தான் என்று நம்மில் பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அது ஆஸ்திரேலிய மரம். யூகலிப்டஸ். உள்ளூரில் கற்பூர மரம் என்பார்கள். 1840-களில் வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்து நட்டது, இங்கேயே தங்கி, ஊர்ப் பெயரையும் எடுத்துக்கொண்டது.

நீலகிரியைப் பெயரில் வைத்திருக்கும் இன்னொருவர் இருக்கிறார். அசல் உள்ளூர்க்காரர். தமிழ்நாட்டிலும் கேரளாவிலும் உள்ள சில மலை உச்சிகளைத் தவிர உலகத்தில் வேறு எங்கேயும் இல்லாதவர். ஆனால் அவரைத் தெரியுமா என்று கேட்டால், ஊட்டியிலேயே பிறந்து வளர்ந்த பலர்கூட உதட்டைப் பிதுக்குவார்கள்.

இந்த வாரம் நாம் பார்க்கப்போவது அவரைத்தான். நீலகிரி நெட்டைக்காலி!

மயில் மாதிரி தோகை, மீன்கொத்தி மாதிரி பளீர் நீலம் என்றெல்லாம் எதிர்பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். உடம்பு முழுக்கப் பழுப்பு. முதுகில் கறுப்புக் கறுப்பாகக் கோடுகள். மார்பிலும் விலாவிலும்கூட அதே கோடுகள் இறங்கி வரும். அலகு நுனியிலிருந்து வால் வரை அளந்தால் சுமார் 17 செ.மீ. சிட்டுக்குருவியைவிடக் கொஞ்சம் நீளம், அவ்வளவுதான். காய்ந்த புல்லுக்குள் அது உட்கார்ந்திருந்தால் நம் கண்ணுக்குத் தெரிவது புல் மட்டும்தான். கேமராவைத் தூக்கிக்கொண்டு போகிறவர்கள் இதைப் பார்த்தும் கடந்துபோய்விடுவதற்கு அதன் இந்த 'டல்' உடைதான் காரணம்.

வீட்டு வாசலில் வாலை ஆட்டிக்கொண்டே ஓடும் வாலாட்டிக் குருவியைப் பார்த்திருப்பீர்கள். நெட்டைக்காலிகள் அதற்குச் சித்தப்பா பெரியப்பா பிள்ளைகள். இரண்டும் ஒரே குடும்பம். இவை தத்தித் தாவுவதில்லை. மனிதரைப் போல ஒரு காலுக்கு அடுத்து இன்னொரு கால் வைத்து நடக்கும், ஓடும். வாழ்க்கையே தரையில்தான். இரை தேடுவது தரையில். பூச்சிகள்தான் முக்கியச் சாப்பாடு. கூடு கட்டுவதும் தரையில், புல் கொத்தின் மறைவில். ஒரு பறவை தன் முட்டையை நாம் கால் வைக்கும் இடத்தில் இடுகிறது என்றால், அதற்கு அந்தப் புல்லின் மேல் எவ்வளவு நம்பிக்கை இருக்க வேண்டும்!

நெட்டைக்காலிகளில் நமக்குச் சமவெளியில் பழக்கமானது வயல் நெட்டைக்காலி. வரப்பு, விளையாட்டு மைதானம், காலி மனை என எங்கும் இருக்கும். அதற்கும் நீலகிரி நெட்டைக்காலிக்கும் பார்வைக்குப் பெரிய வித்தியாசம் இல்லை. பழகிய கண்ணையே குழப்பும். ஆனால் ஒரு குணத்தில் இரண்டும் மாட்டிக்கொள்ளும். நாம் கிட்டே போனால் வயல் நெட்டைக்காலி பறந்துபோய் மறுபடி தரையிலேயே இறங்கும். நீலகிரி நெட்டைக்காலிக்கோ பயம் வந்தால் பக்கத்தில் இருக்கும் குட்டைப் புதரிலோ சிறு மரத்திலோ போய் உட்கார்ந்து நம்மை முறைத்துப் பார்க்கும் பழக்கம் உண்டு. இதைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் தேவைப்படும்.

இந்தக் குழப்பம் இன்று நேற்று வந்ததல்ல. 19-ம் நூற்றாண்டில் இந்தியப் பறவைகளைப் பற்றிப் பெரிய நூல்கள் எழுதிய ஆங்கிலேயர்களுக்கே நெட்டைக்காலிகள் தலைவலியாக இருந்தன. கடைசியில் 1885-ம் ஆண்டு, லண்டனில் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருந்த ரிச்சர்ட் பௌட்லர் ஷார்ப் என்பவர்தான் இதைத் தனி இனமாக அறிவித்து, 'ஆந்தஸ் நீல்கிரியென்சிஸ்' என்று பெயர் வைத்தார். ஊட்டிப் பறவைக்கு லண்டனில் பெயர்சூட்டு விழா. அந்தக் காலத்தில் நம் ஊர்ச் செடி, கொடி, பூச்சி எல்லாவற்றுக்கும் இதே கதைதான்.

மேலே போக இடமில்லை

இந்தக் குருவி எங்கே இருக்கிறது? நீலகிரியின் உயரமான பகுதிகளில், ஆனைமலை – பழநி மலைத்தொடரில், பிறகு மேகமலைப் பக்கம் ஒரு சின்னப் புல்வெளியில். அவ்வளவுதான் அதன் மொத்த உலகம். அதிலும் மலை முழுக்க இல்லை. தேயிலைத் தோட்டம் இருக்கும் சரிவுகளைத் தாண்டி, இன்னும் மேலே ஏறி, குளிர் எலும்பைத் தொடும் உயரத்தில் விரிந்து கிடக்கும் புல்வெளிகளில்தான் நன்றாக வாழ்கிறது. உயரம் கூடக் கூட அதன் எண்ணிக்கையும் கூடுகிறது என்று ஆய்வாளர்கள் கணக்கெடுத்துச் சொல்லியிருக்கிறார்கள்.

இப்படிப்பட்ட மலை உச்சிகளை 'வானத் தீவுகள்' என்கிறார்கள். அழகான பெயர், பொருத்தமான பெயரும்கூட. கடலில் இருக்கும் தீவைச் சுற்றித் தண்ணீர் இருப்பது போல, இந்தக் குளிர்ந்த உச்சிகளைச் சுற்றி வெப்பமான பள்ளத்தாக்குகளும் சமவெளியும் இருக்கின்றன. நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவே பாலக்காட்டுக் கணவாய், சுமார் 30 முதல் 40 கி.மீ அகலத்துக்கு மலையே இல்லாமல் வாய் பிளந்து கிடக்கிறது. கோயம்புத்தூருக்குச் சிலுசிலுவென்று காற்று அனுப்புகிறதே, அதே கணவாய்தான். நமக்கு அது ஏசி. உச்சியில் வாழும் சின்னப் பறவைகளுக்கோ அது தாண்ட முடியாத கடல். கணவாய்க்கு வடக்கே ஓர் இனம், தெற்கே அதன் சகோதர இனம் என்று பிரிந்துபோன பறவைகளும் உண்டு. சோலைக்காட்டுக்குள் தரையோரம் திரியும் நீல நிறக் குருவி ஒன்று அப்படிப் பிரிந்ததுதான். அதற்கு இப்போது ஆங்கிலத்திலேயே 'ஷோலாக்கிளி' என்று பெயர். நம் சோலையும் கிளியும் சேர்ந்து உலகப் பறவைப் பட்டியலில் ஏறிவிட்டன.

வானத் தீவில் வாழ்வதில் ஒரு சிக்கல் இருக்கிறது. சமவெளிப் பறவைக்கு ஓர் இடத்தில் வெயில் தாங்கவில்லை என்றால் இன்னும் கொஞ்சம் உயரமான இடத்துக்கு நகரலாம். ஏற்கெனவே உச்சியில் இருப்பவர் எங்கே நகர்வார்? நீலகிரியில் தொட்டபெட்டா 2,637 மீட்டர். கேரளாவில் ஆனைமுடி 2,695 மீட்டர், தென்னிந்தியாவிலேயே உயரம் அதுதான். அதற்கு மேல் வானம் மட்டும்தான் இருக்கிறது.

கீழே இறங்கவும் வழி இல்லை, மேலே ஏறவும் இடம் இல்லை. ஆகவே இருக்கும் புல்வெளி அப்படியே இருக்க வேண்டும். இருந்ததா?

"அங்க என்ன இருக்கு, வெறும் புல்லுதானே?"

ஊட்டியிலிருந்து பைக்காரா போகும் வழியில் ஒன்பதாவது மைல் ஷூட்டிங் ஸ்பாட்டில் இறங்காத டூரிஸ்ட் உண்டா? நம் ஹீரோக்களும் ஹீரோயின்களும் கைகோத்து உருண்டு விளையாடிய பச்சைக் கம்பளம். அங்கே நின்று செல்ஃபி எடுத்துவிட்டு, "அண்ணே, இதைத் தாண்டி மேல போனா என்ன இருக்கு?" என்று டிரைவரிடம் கேட்டுப்பாருங்கள். "ஒண்ணும் இல்லீங்க சார், வெறும் புல்லுதான்" என்று பதில் வர நிறைய வாய்ப்பு இருக்கிறது. அவர் மேல் தப்பில்லை. அரசாங்கமே பல காலமாக அப்படித்தான் நினைத்தது. மரம் இருந்தால் காடு, இல்லாவிட்டால் தரிசு. புல்வெளியைத் தரிசு நிலக் கணக்கில் எழுதிவைத்த மனப்பான்மை இன்னும் முழுசாகப் போகவில்லை.

மேற்குத் தொடர்ச்சி மலையின் உச்சிகளில் இயற்கை ஒரு தனி வடிவமைப்பு செய்துவைத்திருக்கிறது. இரண்டு மேடுகள் சேரும் மடிப்பில், தண்ணீர் கசியும் இடத்தில், அடர்த்தியாகக் குட்டை மரக்காடு. அதுதான் சோலை. மடிப்பை விட்டு வெளியே வந்தால் மேடும் சரிவும் முழுக்கப் புல். நடுவே ஆங்காங்கே சதுப்பு. தூரத்திலிருந்து பார்த்தால் பச்சைப் போர்வையில் கரும்பச்சை ஒட்டுப்போட்ட மாதிரி இருக்கும்.

மரம் ஏன் மேட்டில் ஏறவில்லை? முக்கியமான காரணம் உறைபனி. டிசம்பர், ஜனவரி மாதங்களில் அவலாஞ்சி, அப்பர் பவானி பக்கம் விடிகாலையில் புல்லெல்லாம் வெள்ளை வெளேரென்று கிடக்கும் போட்டோக்கள் ஒவ்வொரு வருடமும் நம் வாட்ஸ்அப்புக்கு வருமே, அதேதான். அந்தக் குளிரில் திறந்தவெளியில் முளைக்கும் சோலை மரக் கன்றுகள் கருகிவிடுகின்றன. புல் தாங்கிவிடுகிறது. மேல் இலை கருகினாலும் வேர் பிழைத்து மறுபடி துளிர்க்கிறது. காற்றும் நெருப்பும் மேய்ச்சலும்கூட இதில் பங்கு வகிக்கின்றன.

சரி, ஒருவேளை மனிதர்கள் காட்டை வெட்டியதால் வந்த புல்லாக இருக்குமோ? அந்தச் சந்தேகம் ரொம்ப நாள் இருந்தது. 1993-ம் ஆண்டு ஆர்.சுகுமாரும் சக விஞ்ஞானிகளும் 'நேச்சர்' இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். நீலகிரியின் சதுப்புகளில் அடுக்கடுக்காக மக்கிக் கிடக்கும் கரிமண்ணைத் தோண்டி, அதில் இருக்கும் கார்பனைப் பரிசோதித்தார்கள். அந்தந்தக் காலத்தில் அங்கே புல் அதிகம் இருந்ததா, மரம் அதிகம் இருந்ததா என்பதை அந்த மண் காட்டிக்கொடுத்துவிடும். அவர்கள் தோண்டிய வரலாறு சுமார் 20,000 ஆண்டுகள் பின்னால் போகிறது. அவ்வளவு பழைய அடுக்கிலும் புல் இருந்திருக்கிறது. கீழடிக்கும் ஆதிச்சநல்லூருக்கும் எத்தனையோ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பிருந்தே இருக்கும் ஒன்றைத்தான் 'தரிசு' என்று எழுதிவைத்திருக்கிறோம்.

இந்தப் புல்லை வெறும் புல்லாகப் பார்க்காதவர்களும் இருக்கிறார்கள். தோடர் மக்களுக்கு எருமை மேய்ச்சல் இங்கேதான். அரைவட்ட வடிவத்தில் அவர்கள் கட்டும் கோயிலுக்குக் கூரை வேயும் புல் சாதாரண இடத்தில் கிடைக்காது. மலைச் சதுப்பில் தேடித்தான் எடுத்துவர வேண்டும்.

பச்சையாக மாறிய பாலைவனம்

ஜான் சல்லிவன் ஊட்டிக்கு வந்தது 1819-ம் ஆண்டு. பின்னாலேயே பங்களாக்கள் வந்தன, படைவீரர் முகாம் வந்தது. குளிருக்கு விறகு வேண்டுமே! பக்கத்துச் சோலைகளை வெட்டினார்கள். சோலை மரம் மெதுவாக வளரும்; வெட்டும் வேகத்துக்கு ஈடுகொடுக்கவில்லை. அப்போது ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தவைதான் கற்பூர மரமும், உள்ளூரில் சீகை மரம் என்கிற வாட்டிலும். சட்டென்று வளர்ந்தன. எல்லோருக்கும் சந்தோஷம்.

சுதந்திரத்துக்குப் பிறகு காரணம் மாறியது, மரம் மாறவில்லை. வாட்டில் பட்டையில் தோல் பதனிட உதவும் துவர்ப்புச் சத்து இருக்கிறது. வெளிநாட்டிலிருந்து இறக்குமதி செய்வதற்குப் பதில் நாமே வளர்க்கலாமே என்றார்கள். கற்பூர மரக் கூழிலிருந்து செயற்கை இழை எடுக்கலாம் என்றார்கள். நட எங்கே இடம்? 'வெறும் புல்'தான் இருக்கிறதே! நீலகிரியிலும் கொடைக்கானல் மேல்மலையிலும் ஆயிரக்கணக்கான ஏக்கர் புல்வெளியில் வரிசை வரிசையாகக் கன்றுகள் இறங்கின. அன்று இதைச் செய்தவர்களை வில்லனாக்குவதில் எனக்கு உடன்பாடில்லை. வளர்ச்சி என்றால் அதுதான் என்று நாடே நம்பிய காலம் அது. கன்று நட்ட அதிகாரிகள் தாங்கள் நல்லது செய்வதாகத்தான் நினைத்திருப்பார்கள்.

கணக்கு என்ன சொல்கிறது? பழநி மலையின் செயற்கைக்கோள் படங்களை வைத்து 2018-ல் வெளியான ஓர் ஆய்வு, 40 ஆண்டுகளில் அங்கிருந்த மலைப் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது என்று காட்டியது. தோட்டங்களும் விவசாயமும்தான் காரணம். மேற்குத் தொடர்ச்சி மலையின் உச்சிகளையெல்லாம் சேர்த்துப் பார்த்த அடுத்த ஆய்வில், 1973-க்கும் 2017-க்கும் இடையில் சுமார் 340 சதுர கி.மீ புல்வெளி அந்நிய மரங்களுக்குள் மூழ்கியிருப்பது தெரிந்தது. அதாவது 23 சதவிகிதம்.

இதில் கவனிக்க வேண்டியது, எல்லாமே நாம் நட்ட மரங்கள் அல்ல. வாட்டில் தானாகவே பரவும். ஒரு மரம் கொட்டும் விதைகள் மண்ணுக்குள் பல ஆண்டுகள் தூங்கிக்கொண்டிருக்கும். தீப்பிடித்தால், மண் கிளறப்பட்டால், வெயில் பட்டால் விழித்துக்கொள்ளும். நடுவதை நிறுத்தி வருடங்கள் ஆன பிறகும் மரம் புல்லுக்குள் நடந்து வந்துகொண்டே இருக்கிறது. வாட்டில் போதாதென்று பைன், மஞ்சள் பூப்பூக்கும் ஸ்காட்ச் புரூம் என இன்னும் சிலரும் கூட்டு சேர்ந்திருக்கிறார்கள். பூத்துக் குலுங்கும்போது அதன் முன்னால் நின்றும் நாம் செல்ஃபி எடுக்கிறோம்.

நம் குருவியின் கண்ணால் இதைப் பாருங்கள். வாட்டில் அடைத்துவிட்ட சரிவில் தரைக்கு வெயில் வராது. புல் செத்துப்போகும். புல்லோடு அதில் வாழும் வெட்டுக்கிளி போகும், வண்டு போகும். கூடு வைக்கப் புல் கொத்து இருக்காது. மேலே பார்த்தால் பச்சைப்பசேல். நெட்டைக்காலிக்கு அது பாலைவனம்.

2020-ல் வெளியான ஓர் ஆய்வுக்காக ஒரு குழு இந்தப் பறவையை மட்டுமே மையமாக வைத்து மலை மலையாக ஏறியது. அவர்கள் செய்த வேலை எனக்கு ரொம்பப் பிடித்தது. பழைய குறிப்புகள், அருங்காட்சியகப் பதிவுகளையெல்லாம் எடுத்து, 'இந்தப் பறவை இங்கே இருந்தது' என்று எழுதிவைத்திருந்த இடங்களுக்கே மறுபடி போய்ப் பார்த்தார்கள். பழைய முகவரிப் புத்தகத்தை வைத்துக்கொண்டு சொந்தக்காரர் வீடு வீடாகக் கதவு தட்டுவது மாதிரி. பல கதவுகள் திறக்கவில்லை. புல்வெளி போன இடங்களில் குருவியும் போயிருந்தது. இருப்பதில் நீலகிரியில்தான் அதிக எண்ணிக்கை. சர்வதேசச் சிவப்புப் பட்டியலில் 'பாதிப்புக்கு உள்ளாகக்கூடியது' என்று வைத்திருந்த இந்தப் பறவையை, அதைவிடத் தீவிரமான 'அழியும் ஆபத்தில் உள்ளது' என்ற நிலைக்கு மாற்ற வேண்டும் என்று அந்தக் குழு பரிந்துரைத்தது.

ஈரோட்டுக்காரர் ஏன் கவலைப்பட வேண்டும்?

'ஒரு பழுப்புக் குருவிக்காக இவ்வளவு பேச்சா?' என்று கேட்பவர்களும் இருப்பீர்கள். நியாயமான கேள்வி. பதில் உங்கள் வீட்டுக் குழாயில் இருக்கிறது.

மலைப் புல்வெளி பஞ்சு மாதிரி. தென்மேற்குப் பருவமழை கொட்டும்போது உறிஞ்சிக்கொள்ளும். அவலாஞ்சியில் 2019 ஆகஸ்ட்டில் ஒரே நாளில் 80 செ.மீ-க்கும் மேல் மழை கொட்டியது நினைவிருக்கிறதா? அங்கே விழும் மழையை வாங்கி, சதுப்பில் தேக்கி, ஓடைகளில் மாதக்கணக்கில் கசியவிடுவது புல்லும் சோலையும் சேர்ந்துதான். அந்த ஓடைகள்தான் குந்தா, பைக்காரா மின்நிலையங்களைச் சுழற்றிவிட்டு, பவானியாகவும் மோயாறாகவும் இறங்கி, பவானிசாகரில் சேர்ந்து ஈரோட்டு வயலுக்குப் போகின்றன. கடைசியில் காவிரி.

ஊட்டியில் உள்ள மத்திய மண் மற்றும் நீர்வள ஆராய்ச்சி மையம் கிளென்மார்கனில் ஒரு சோதனை நடத்தியது. ஒரே மாதிரி இரண்டு நீர்ப்பிடிப்புப் பகுதிகள். ஒன்றை அப்படியே விட்டார்கள். இன்னொன்றின் புல்வெளியில் கற்பூர மரம் வளர்த்தார்கள். இரண்டிலிருந்தும் எவ்வளவு தண்ணீர் வெளியே வருகிறது என்று வருடக்கணக்கில் அளந்தார்கள். முதல் பத்து ஆண்டுச் சுழற்சியில், மரம் வளர்த்த பகுதியிலிருந்து வந்த தண்ணீர் சுமார் 16 சதவிகிதம் குறைந்துபோனது. மரம் மழையைக் கொண்டுவரும் என்று பள்ளிக்கூடத்தில் படித்த எனக்கு இந்த எண்ணைப் படித்தபோது கொஞ்சம் திக்கென்றுதான் இருந்தது. மரம் தண்ணீர் குடிக்கும் என்பதை நாம் பெரும்பாலும் பேசுவதே இல்லை.

நெட்டைக்காலி நன்றாக இருக்கும் சரிவில் புல் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். புல் நன்றாக இருந்தால் ஓடை வற்றாது. மேலே அந்தக் குருவி கத்துவதற்கும் கீழே மோட்டார் ஓடுவதற்கும் சம்பந்தம் இருக்கிறது.

வெட்டினால் சரியாகிவிடுமா?

அப்படியானால் எல்லா வாட்டிலையும் நாளைக்கே வெட்டித் தள்ளிவிடலாமே? அவசரப்படாதீர்கள். இதுதான் இந்த விஷயத்தில் சிக்கலான இடம்.

வாட்டிலை வெட்டிப் போட்டால் மண்ணில் வெயில் படும். தூங்கிக்கொண்டிருந்த விதைகள் எல்லாம் ஒரே நேரத்தில் எழுந்துகொள்ளும். ஒரு மரம் இருந்த இடத்தில் நூறு கன்று. அதையெல்லாம் வருடா வருடம் கையால் பிடுங்க ஆளும் பணமும் பொறுமையும் வேண்டும். முதல் வருடம் மந்திரி வந்து போட்டோ எடுத்துக்கொள்ளும் வேலை எளிது. ஐந்தாவது வருடம் யாரும் பார்க்காதபோது கன்று பிடுங்குவதுதான் கஷ்டம். அதோடு, ரொம்பப் பழைய வாட்டில் தோப்புகளின் நிழலில் சோலை மரக் கன்றுகள் மெல்ல முளைத்து வருகின்றன. உறைபனியிலிருந்து காக்கும் குடை கிடைத்துவிட்டதே! அந்த இடங்களில் கோடாரியைத் தூக்கினால் வரும் சோலையும் போய்விடும்.

அதனால் ஆய்வாளர்கள் சொல்லும் வழி கொஞ்சம் நிதானமானது. முற்றிய தோப்புகளை இப்போதைக்கு விடுங்கள். இன்னும் புல் மிச்சமிருக்கும் இடங்களில், ஓரங்களில் புதிதாக நுழையும் இளங்கன்றுகளை முதலில் பிடுங்குங்கள். இருப்பதைக் காப்பாற்றுவது, போனதை மீட்பதைவிடச் செலவு குறைவு. எனக்கும் இதுதான் சரி என்று படுகிறது. பல் சொத்தையைச் சின்னதாக இருக்கும்போதே அடைப்பது மாதிரி.

நல்ல செய்தியும் இருக்கிறது. தமிழ்நாடு அரசு 2022-ல் அந்நியத் தாவரங்களை அகற்றி வாழிடங்களை மீட்கத் தனிக் கொள்கையே வெளியிட்டது. அதே ஆண்டு நீலகிரி வரையாடு திட்டத்தை ஐந்து ஆண்டுகளுக்கு 25.14 கோடி ரூபாயில் அறிவித்தது. அப்பர் பவானியில் சோலைப் புல்வெளியை மீட்கும் முன்னோட்ட முயற்சியும் அதில் ஓர் அங்கம். வரையாடு நம் மாநில விலங்கு, கம்பீரமானது, போஸ்டரில் அழகாக இருக்கும். நெட்டைக்காலிக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. ஆனாலும் இரண்டும் ஒரே புல்லை நம்பி வாழ்பவர்கள். கல்யாண வீட்டில் பெரிய மனிதரோடு ஒட்டிக்கொண்டு பந்திக்கு உள்ளே போய்விடும் சின்னப் பையன் மாதிரி, வரையாட்டுக்குப் போடும் இலையில் நெட்டைக்காலிக்கும் சாப்பாடு கிடைக்க வாய்ப்பிருக்கிறது. 78 சதுர கி.மீ முக்கூர்த்தி தேசியப் பூங்கா, கேரளாவில் 97 சதுர கி.மீ இரவிகுளம் தேசியப் பூங்கா இரண்டுமே வரையாட்டை மனதில் வைத்து உருவானவை. இன்று இந்தக் குருவிக்கும் அவை பெரிய அடைக்கலம்.

ஆனால் ஒவ்வொரு ஜூன் 5-ம் தேதியும் எனக்குப் பயமாக இருக்கும். உலகச் சுற்றுச்சூழல் தினம். எங்கேயாவது மலைமேல் 'காலியாக' இருக்கும் புல் சரிவில் ஆயிரம் கன்று நட்டு, பேனர் பிடித்து, போட்டோ அனுப்புவார்கள். சமவெளியில், பள்ளிக்கூட வளாகத்தில், சாலையோரத்தில் மரம் நடுங்கள்; அது வேறு கதை. உச்சிப் புல்வெளியில் நடுவதென்றால் ஒரு வீட்டுக்காரர் உள்ளே இருக்கும்போதே அவர் கூடத்தில் போய்த் தூண் கட்டுவது போலத்தான். உங்கள் கல்லூரியோ கம்பெனியோ அப்படி ஒரு டிரிப் போடுகிறது என்றால், 'அந்த இடம் முன்பு என்னவாக இருந்தது?' என்ற ஒரு கேள்வியை மட்டும் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவையுங்கள். இல்லையென்றால் வாட்டில் கன்று பிடுங்கும் டிரிப்பாக அதை மாற்றிக்கொள்ளலாமா என்று வனத்துறையிடம் கேளுங்கள். போட்டோவில் அது அவ்வளவு அழகாக வராது, அதுதான் ஒரே பிரச்னை.

பார்க்கப் போகிறீர்களா?

முக்கூர்த்திக்குள் நினைத்தபடி நுழைய முடியாது, அனுமதி வேண்டும். அவலாஞ்சிக்கு வனத்துறையின் சூழல் சுற்றுலா வாகனத்தில் போகலாம். மூணாறு போகிறவர்கள் இரவிகுளத்தில் ராஜமலைக்குப் போங்கள். வரையாடு குட்டி போடும் சீசன் என்று வழக்கமாக பிப்ரவரி, மார்ச்சில் மூடிவிடுவார்கள், முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். எல்லோரும் வரையாட்டோடு போட்டோ எடுத்துக்கொண்டிருக்கும்போது நீங்கள் பாதையோரப் புல்லைப் பாருங்கள். காலை நேரம் நல்லது. பாதையை விட்டுப் புல்லுக்குள் இறங்க வேண்டாம். கூடு இருப்பது தரையில் என்று மேலே சொன்னேன். போனில் பறவைக் குரலை ஒலிக்கவிட்டு அதை வெளியே வரவழைக்கும் வேலையும் வேண்டாமே.

கோடு போட்ட பழுப்புக் குருவி ஒன்று நடந்து போவது கண்ணில் பட்டால் அப்படியே நில்லுங்கள். பறந்துபோய் மறுபடி தரையில் இறங்கினால் சமவெளிக்காரராக இருக்கலாம். பக்கத்துப் புதரின் மேல் ஏறி உட்கார்ந்து, மார்பிலும் விலாவிலும் கோடுகள் தெரிய உங்களைப் பார்த்தால் இவராக இருக்க வாய்ப்பு அதிகம். ஒரு படம் எடுத்து, இடம், தேதி, நேரத்தோடு 'இ-பேர்ட்' செயலியில் ஏற்றிவிடுங்கள். சந்தேகமாக இருந்தால் 'நெட்டைக்காலி, எந்த வகை என்று தெரியவில்லை' என்றே போடலாம், படத்தைப் பார்த்துத் திருத்தித்தர அங்கே ஆட்கள் இருக்கிறார்கள். பார்க்கவில்லை என்றாலும் அன்று பார்த்த மற்ற பறவைகளின் முழுப் பட்டியலை ஏற்றுங்கள். கதவு தட்டிப் பார்த்தபோது ஆள் இல்லை என்பதும் அந்த முகவரிப் புத்தகத்தில் எழுதிவைக்க வேண்டிய தகவல்தான்.